ராயர் கொண்டுவந்து நிறுத்திய மேசியா

முன்னொரு காலத்தில், கிழக்குக் கடலோரம் முத்தூர்த்துறை என்ற சீமையை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயில் வந்ததெல்லாம் ஆணை. காலையில் போடுவான், மத்தியானம் மாற்றுவான். நடுவில் யார் தலை உருளுமோ என்று ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு தெரு. யூதர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் மந்திரி சாத்தப்பர். அது ஒன்று போதாதா? மந்திரி மேல் வயிறெரிந்துகொண்டிருந்த இன்னொரு சபை அதிகாரி திம்மராயருக்கு அந்தத் தெருவைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் ராயர் மூச்சிரைக்கச் சபைக்குள் வந்து நின்றார்.

"மகாராஜா, துறைமுகத் தெருவில் சதி நடக்கிறது. மிளகு வியாபாரம் பண்ணும் ரிப்கா என்கிற யூத அம்மாள், பஸ்கா என்கிற அவர்கள் பண்டிகை விருந்தன்று வாசல் கதவைத் திறந்து வைத்து, வராத ஒருவருக்குக் கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி வைக்கிறாள். பக்கத்து வீட்டுப் படகுத் தச்சன் கீவர்கீஸ் தினமும் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறான். கேட்டால், ராஜா ஒருவர் வரப்போகிறார் என்கிறார்கள். கிழக்கிலிருந்து படைக்கப்பல் வருகிறது, வேறென்ன?"

ராஜா சிம்மாசனத்தில் இருந்து துள்ளி எழுந்தான். அடுத்த நாழிகையில் இருவரும் சபையில் நின்றார்கள்.

"படையும் இல்லை, கப்பலும் இல்லை மகாராஜா," என்றாள் ரிப்கா. "தேவன் அனுப்பப்போகிற மேசியா என்ற ராஜாவுக்காகக் காத்திருக்கிறோம். அவர் வருவதை முன்னால் வந்து சொல்லப்போகிற எலியா தீர்க்கதரிசிக்குத்தான் அந்தக் கிண்ணம். மேசியா எங்கள் பழைய ராஜா தாவீதின் வம்சத்து மனுஷர். அவர் வந்தால் சண்டை ஓயும், சிதறிக் கிடக்கிற எங்கள் ஜனம் ஒன்றுசேரும். சண்டைதான் இன்னும் ஓயவில்லையே. ஆகவே அவர் இன்னும் வரவில்லை."

"அங்கேதான் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துவராது," என்றார் கீவர்கீஸ். "அவர் வந்துவிட்டார் மகாராஜா. இயேசு என்று பெயர், தேவனுடைய குமாரன். எங்கள் பாவத்துக்காகச் சிலுவையில் உயிர்விட்டு, மூன்றாம் நாள் எழுந்தார். மறுபடி வருவார். அதற்குத்தான் கிழக்கே பார்த்து ஜெபம் பண்ணுகிறோம்."

"ஒருத்தர் வரவில்லை என்கிறீர்கள், ஒருத்தர் வந்துபோனார் என்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? எது பொய்யோ அந்தக் கூட்டம் அடுத்த கப்பலில் ஏறட்டும்," என்றான் ராஜா.

ரிப்காவின் வீட்டில் மகள் நிறைமாதம். அவளைக் கப்பலில் ஏற்றினால் தாயும் பிள்ளையும் கரை சேர்வார்களா? கீவர்கீஸுக்கோ ஆறு பிள்ளைகள்.

சாத்தப்பர் மெதுவாக எழுந்தார். "நம் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு மகாராஜா. வழக்கு யாரைப் பற்றியதோ, அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்குத் தொடுத்தவர் பொறுப்பு. இது மேசியாவைப் பற்றிய வழக்கு. ராயர் அழைத்து வரட்டும்."

ராயருக்கு முகம் வெளுத்தது. ராஜாவுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மேசியா நம் சபைக்கா? தெருவெல்லாம் தண்ணீர் தெளியுங்கள், தோரணம் கட்டுங்கள். எட்டு நாளில் வரவேண்டும் ராயரே, வராவிட்டால் கப்பலில் நீர் ஏறுவீர்."

எட்டாம் நாள் பார்க்க வேண்டுமே அந்த அமர்க்களத்தை! யானை என்ன, கொம்பு வாத்தியம் என்ன, சுற்றிலும் ஈட்டிக்காரர்கள் என்ன! யானை மேல் தங்கக் கிரீடத்தோடு ஒருவர். ராஜா வாசலுக்கே ஓடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான்.

"நானே மேசியா," என்று கணீரென்று சொன்னார் வந்தவர். "துறைமுகத் தெருக்காரர்கள் எல்லாரையும் கப்பலில் ஏற்றுங்கள்."

ரிப்கா ஏற இறங்கப் பார்த்தாள். "மேசியா வந்தால் ஈட்டிக்கு வேலையே இருக்காதே ஐயா. உங்களுக்கு எதற்கு இத்தனை? இவர் எங்களவர் இல்லை மகாராஜா."

கீவர்கீஸ் பக்கத்தில் போனார். "உள்ளங்கையைக் காட்டுங்கள். சிலுவையில் ஆணி அடித்த தழும்பு இருக்க வேண்டும்." கையில் மத்தளம் தட்டிக் காய்த்த காய்ப்புத்தான் இருந்தது. "எங்களவரும் இல்லை."

வந்தவர் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். "நான் கூத்தில் மத்தளமும் தட்டி, ராஜா வேஷமும் கட்டுகிறவன் சாமி. ராயர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

சபை சிரித்த சிரிப்பில் ராயர் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். ராஜா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிடிவாதம் மட்டும் போகவில்லை.

"ராயரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டில் ஒன்று பொய்தானே? மந்திரி, யாரை அனுப்பட்டும்?"

"யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள் மகாராஜா. மேசியா வந்து, எனக்காகக் காத்திருந்த ஜனம் எங்கே என்று உங்களிடம் கேட்டால், பதிலை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்."

ராஜா அவசரமாகக் கணக்குப் போட்டான். "ரிப்கா சொல்வது தப்பென்றால் அவள் கூட்டத்தை அனுப்பலாமே?"

"அனுப்பாதீர்கள்," என்றார் கீவர்கீஸ். "எங்கள் இயேசு யூதத் தாய் வயிற்றில் பிறந்தவர். தன் சொந்த ஜனத்தைத்தான் முதலில் விசாரிப்பார்."

"அப்படியானால் உன்னை அனுப்புகிறேன்."

"தம்பி சொல்வதை நான் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்," என்றாள் ரிப்கா. "ஆனால் எங்களவர் நியாயம் செய்ய வருகிறவர். குற்றமில்லாத பக்கத்து வீட்டுக்காரரை ஏன் விரட்டினாய் என்றுதான் கேட்பார்."

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ராயர் பதவி போயிற்று. கூத்துக்காரனுக்கு நல்ல வேட்டி கிடைத்தது. துறைமுகத் தெரு அங்கே குடியிருப்பவர்களுக்கே என்று பறை அறைந்தார்கள். அதே வாரம் ரிப்காவின் மகளுக்குச் சொந்த வீட்டிலேயே சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

தொட்டிலைப் பார்க்க ராஜாவே வந்துவிட்டான். "இந்த ஆணையையும் மத்தியானம் மாற்றிவிடுவீர்களோ என்று ஊரில் பயம் மகாராஜா," என்றார் மந்திரி.

"மாட்டேன். அவர் வந்துபோனவரா, இனிமேல் வருகிறவரா, எனக்குத் தெரியாது," என்றான் ராஜா, குழந்தையின் விரலைப் பிடித்தபடி. "வந்து கேட்டால், எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்."