வடமலைக்கு வந்த பழுது

கொக்கனூர் கடைத்தெருவில் அருளப்பனின் ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அதில் மூன்று மெக்கானிக்குகள். சொன்னதைச் சொன்னபடியே செய்வதில் மூவரும் கெட்டிக்காரர்கள். வேறு எதிலும் அல்ல.

கடையில் ஒரு பழைய மெஷின் உண்டு. ரேடியோவுக்குள் ஓடும் கரண்டை அது திரையில் கோடாகக் காட்டும். சுவிட்சைப் போட்டால் தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு. கொஞ்ச நாளாக அது நினைத்தால் பச்சை, நினைத்தால் சிவப்பு என்று இருந்தது.

"பழுது எதுன்னு கண்டுபிடிச்சு, எடுத்து ஓரமா வைங்க. நான் வரும்போது பச்சை எரியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து மூணு பேரும் வேலைக்கு வர வேணாம். முதல்ல மெஷின் நல்லா சூடாகட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளி பஸ் ஏறினார்.

பிச்சாண்டி மெஷினுக்குக் கம்பளி போர்த்தினான். கோட்டைச்சாமி சுக்குக் கஷாயம் காய்ச்சிவந்து, எந்தத் துளையில் ஊற்றுவது என்று தேடினான். நல்லவேளை, துளைகள் சிறியவை.

கடையில் இருந்தது ஒரே முக்காலி. அது மூத்தவரான வடமலைக்கு. அவர் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முக்காலியின் கால் மெஷினின் ஒயரை நசுக்கியது. அதைக் கவனிக்கும்படி முதலாளி சொல்லவில்லை. ஆகவே யாரும் கவனிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டார்கள். சிவப்பு.

"கேள்வி கேக்கிறது அது, பதில் எழுதறது அது, திருத்தறதும் அது. அப்பவும் ஃபெயிலாடா?" என்றான் பிச்சாண்டி.

"என்ன ஒரு நேர்மை!" என்று கோட்டைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வடமலை டீ குடிக்க எழுந்தார். பச்சை! திரும்பி வந்து உட்கார்ந்தார். சிவப்பு. திகைத்துப்போய் எழுந்தார். பச்சை.

இளையவர்கள் இருவரும் மூலையில் நின்று வெகுநேரம் ஆலோசித்தார்கள்.

"அண்ணே, மனசைத் தேத்திக்குங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. பழுது நீங்கதான்" என்றான் பிச்சாண்டி.

"நானா? காலையில நல்லாத்தானேடா இருந்தேன்!"

"விட்டுவிட்டு வர்ற பழுது அப்படித்தான்ணே இருக்கும்."

வடமலையை நிற்கவைத்து, மெஷினின் சோதனைக் கம்பியை அவர் கையில் கொடுத்தார்கள். திரையில் கோடு அலை அலையாய்த் துள்ளியது. யார் தொட்டாலும் அது அப்படித்தான் துள்ளும். மற்ற இருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

"பாருங்கண்ணே, உள்ளே ஒரே கொந்தளிப்பு!"

"ஆமாண்டா. மத்தியானம் மொச்சைக் குழம்பு" என்று வடமலை ஒப்புக்கொண்டார்.

"கழட்டிப் பாத்துடலாமா?" என்று கோட்டைச்சாமி ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"டேய், முதலாளி எடுத்து ஓரமா வைக்கத்தானே சொன்னார்!" என்று பிச்சாண்டி தடுத்தான்.

சாயங்காலம் முதலாளி வந்தார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"சபாஷ்! எதுடா பழுது?"

இருவரும் பெருமையோடு கீழ் அலமாரியைக் காட்டினார்கள். ரிப்பேருக்கு வந்த இரண்டு மிக்ஸிகளுக்கு நடுவே, கழுத்தில் 'பழுது' என்ற அட்டையோடு வடமலை காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

முதலாளிக்குத் தலை சுற்றியது. முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

சிவப்பு.

பிச்சாண்டி கோட்டைச்சாமியைப் பார்த்தான். கோட்டைச்சாமி இன்னொரு அட்டையைத் தேட ஆரம்பித்தான். அலமாரியில் இருந்த வடமலை ஒரு மிக்ஸியைத் தள்ளிவைத்துவிட்டு, மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க முதலாளி, இடம் இருக்கு."