மேட்டுக் கடையில் வாங்கிய சைக்கிள்

ஒரு காட்டில், மனிதர்கள் போட்டுவிட்டு மறந்துபோன தார்ச்சாலை ஒன்று இருந்தது. அடிவாரத்தில் தொடங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் வளைந்து மலையுச்சிக்குப் போகும். மனிதர்கள் மறந்தாலும் விலங்குகள் மறக்கவில்லை. அந்தச் சாலை வந்ததிலிருந்து காட்டுக்கே சைக்கிள் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்தக் காட்டில் செம்பி என்ற கீரி வாழ்ந்தது. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று துருவிக் கேட்காவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. பகலில் ஏன் தூங்குகிறாய் என்று, தூங்கிக்கொண்டிருந்த ஆந்தையை எழுப்பிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கீரி அது.

செம்பிக்கு வளையில் மூன்று குட்டிகள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கைவசம் இருந்தது ஒரே ஒரு மூட்டை நிலக்கடலை. அது தீர்ந்தால் பட்டினிதான்.

அந்தச் சமயத்தில் மலையுச்சியிலிருந்து கரடியம்மா சொல்லி அனுப்பியது: "என் தேனைச் சந்தைக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேணும். பௌர்ணமியன்னைக்குச் சொந்த சைக்கிள்ல ஏறி, முதல்ல மேல வந்து சேர்றவங்களுக்கு வேலை. மழைக்காலம் முழுக்க அவங்க வீட்டுச் சாப்பாடு என் பொறுப்பு."

செம்பி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் வாங்கப் புறப்பட்டது. வண்டி சரியாக அமையாவிட்டால் மூட்டையும் போகும், வேலையும் போகும்.

காட்டில் சைக்கிள் கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியது மரநாய். கடை இருந்தது பாறைமேட்டின் உச்சியில். மூச்சு வாங்க ஏறிப் போன செம்பியை மரநாய் வாசலுக்கே வந்து வரவேற்றது.

"வாங்கக்கா. முதல் சைக்கிளா? கவலையே வேணாம். இந்தச் சிவப்பைப் பாருங்க. ஒரு மூட்டைதான், அதுவும் இன்னைக்கு மட்டும். ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

சிவப்பு சைக்கிள் பளபளவென்று நின்றது. சக்கர விளிம்புகள் உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் மின்னல் படம். அதே போல இன்னொரு சிவப்பு வண்டியில் ஒரு முயல் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது. முயலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, அதற்கு எல்லாவற்றிலும் அவசரம்.

முயல் மேட்டிலிருந்து சர்ரென்று இறங்கியது. காது இரண்டும் பின்னால் படபடத்தன. கீழே ஓர் எருமை, பாய் விரித்த கட்டைவண்டியோடு காத்திருந்தது. வண்டியில் சீவிய இளநீர் தயாராக இருந்தது. முயலும் சைக்கிளும் வண்டியில் ஏறி, ஆடி அசைந்து மேலே வந்து சேர்ந்தன.

"வாங்க வர்றவங்க கால் நோகக் கூடாதுக்கா. அது நம்ம கடை மரியாதை" என்றது மரநாய்.

"இதுதான் வண்டி. பறக்குது" என்று சொல்லி, முயல் தான் கொண்டுவந்த கிழங்கு மூட்டையை அங்கேயே இறக்கியது. அது வீட்டுக்குப் போகும் வழியும் இறக்கம்தான். மறுபடி பறந்து போய்விட்டது.

அடுத்து செம்பி இறங்கிப் பார்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, சுகமாகத்தான் இருந்தது. காற்று மீசையை வருடியது. கிட்டத்தட்ட மூட்டையைக் கொடுத்துவிடலாம் என்றே தோன்றிவிட்டது.

கீழே வந்ததும் எருமை இளநீரை நீட்டியது. செம்பி வாங்கவில்லை. பாயைப் பார்த்தது, இளநீரைப் பார்த்தது, மேட்டை அண்ணாந்து பார்த்தது.

"அண்ணே, தினமும் இப்படித்தான் ஏத்திக்கிட்டுப் போவீங்களா?"

"மூணு வருசமா இதான் என் வேலை."

"யாராவது மிதிச்சே மேல போனதுண்டா?"

எருமை அசைபோடுவதை நிறுத்தி யோசித்தது. "எவன் மிதிப்பான்? அதான் நான் நிக்கிறேனே."

செம்பிக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது. விற்கிறவன் இளநீர் கொடுத்தால் அந்த இளநீருக்கும் ஒரு காரணம் இருக்கும் அல்லவா? "நான் மிதிச்சே வர்றேண்ணே" என்று சொல்லிப் பெடலை அழுத்தியது.

இருபது முழம் போவதற்குள் சிவப்பு சைக்கிள் உரலைக் கட்டி இழுப்பது போல் கனத்தது. கியரைக் குறைக்கப் பார்த்தால், குறைக்க அதற்குமேல் கியரே இல்லை. செம்பி இறங்கித் தள்ளிக்கொண்டே மேலே வந்தது. மரநாயின் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்குக்கா இந்தக் கஷ்டம்?"

"எனக்கு வேலையே மேட்டுலதான் தம்பி. அந்தப் பச்சை என்ன விலை?"

"அதுவா, கால் மூட்டை. இருக்கறதுலயே மலிவு."

பச்சை வண்டியும் இறங்கும்போது நன்றாகத்தான் இறங்கியது. ஏறும்போது முதல் அழுத்தலிலேயே சங்கிலி கழன்றது. மாட்டினால் மறுபடி கழன்றது. செம்பி கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தது.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. அதன்மேல் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மின்னலும் இல்லை, பளபளப்பும் இல்லை.

"அதையா ஓட்டப் போறீங்க? பார்வைக்கு எடுப்பா இருக்காதே அக்கா" என்று மரநாய் இழுத்தது.

"நான்கூடத்தான் எடுப்பா இல்ல, என் குட்டிங்க வேணாம்னா சொல்லுதுங்க? டயரை எடுங்க தம்பி."

சாம்பல் சைக்கிள் மேட்டில் ஏறியது. கியரை ஒவ்வொன்றாகக் குறைக்கக் குறைக்கப் பெடல் லேசானது. மெதுவாகப் போனாலும் நிற்காமல் போனது. பாதி வழியில் மட்டும் முழங்கால் வலித்தது. வேறு யாராக இருந்தாலும் 'இதுவும் சரியில்லை' என்று இறங்கியிருப்பார்கள். செம்பி மட்டும், ஏன் வலிக்கிறது என்று குனிந்து பார்த்தது. மிதிக்கும்போதெல்லாம் முழங்கால் நெஞ்சில் வந்து முட்டியது. சீட் ரொம்பத் தாழ்வாக இருந்தது.

மரநாய் முணுமுணுத்துக்கொண்டே சீட்டை இரண்டு விரற்கடை உயர்த்திக் கொடுத்தது. செம்பி மறுபடி இறங்கி, மறுபடி ஏறியது. இந்த முறை வலியே இல்லை. மேலே வந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தது.

சாம்பல் சைக்கிளுக்கு விலை அரை மூட்டை. அதற்குள்ளேயே காற்றடிக்கும் பம்பும் ஒரு மாற்று ட்யூபும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டது செம்பி. மீதி அரை மூட்டை குட்டிகளுக்கு.

"உங்கள மாதிரி இன்னும் நாலு பேர் வந்தா நான் கடையை அடிவாரத்துக்கே மாத்தணும்" என்றது மரநாய்.

"மாத்துங்களேன். எருமையண்ணனுக்கும் ஓய்வு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுச் செம்பி கிளம்பியது.

பௌர்ணமி வந்தது. காலையில் அந்த வேலைக்காக வந்த முயலும் செம்பியும் அடிவாரத்திலிருந்து புறப்பட்டன. சமதரையில் முயல் சிவப்பு மின்னலாகத் தாண்டிப் போனது.

"அக்கா, அந்தத் துருப்பிடிச்சத எங்க பொறுக்கினீங்க?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டுவிட்டு வேறு போனது. செம்பிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஒருவேளை தவறு செய்துவிட்டோமோ என்றுகூட ஒரு நொடி பயந்தது. ஆனாலும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

முதல் வளைவில் முயல் முன்னால் இருந்தது. இரண்டாம் வளைவில் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தள்ளாடியது. மூன்றாம் வளைவில் செம்பி வந்தபோது, முயல் கீழே இறங்கி, நாக்கு வெளியே தொங்க, வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"தம்பி, வாங்குறப்போ மேட்டுல மிதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லக்கா. இளநீர் குடிச்சேன்."

செம்பிக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வளையில் மூன்று வாய்கள் காத்திருந்தன. ஒரு கியரைக் குறைத்துக்கொண்டு மேலே போனது. நான்கு, ஐந்து, ஆறு என்று வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. வெயில் உச்சிக்கு வருமுன் மலையுச்சியில் கரடியம்மாவின் வாசலில் நின்றது.

கரடியம்மா செம்பியைச் சாப்பிடவைத்து, ஓய்வெடுக்கச் சொல்லி, தேன் ஜாடிகளை முதுகுப்பையில் அடுக்கியது. செம்பி சைக்கிளில் ஏறிக் கீழே புறப்பட்ட நேரத்தில்தான் முயல் தள்ளாடி வந்து சேர்ந்தது.

"வேலைக்கு ஆள் எடுத்தாச்சே தம்பி" என்றது கரடியம்மா.

முயல் சைக்கிளைத் திருப்பியது. இறக்கத்தில் சிவப்பு வண்டி பறந்தது. ஒன்பதாம் வளைவில் செம்பியையும் தாண்டிப் போனது. அன்றைக்கு அடிவாரத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது முயல்தான். வெறுங்கையோடு வந்து சேர்ந்தது.

நீதி: இறக்கத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டியே, ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தவரே நல்ல வண்டி வாங்குவார்.