மூன்று குடுவையும் ஒரு திரையும்

முன்னொரு காலத்தில் மருதவளம் என்ற நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் சட்டமாக்கிவிடுவான்.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் நாகண்ணர் மார்தட்டிக்கொண்டு வந்தார். "ராஜா! சிறுநீரில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அது பரவுகிற விதத்தைப் பார்த்தே, உடம்பில் ஒளிந்திருக்கும் பெருநோயை, அதுதான் தொழுநோயை, சொல்லிவிடுவேன். நூறு பேரைப் பார்த்தேன், நூறும் சரி!"

"வைத்தியர் நோய் என்று சொன்னவர்கள் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கவேண்டும்!" என்று ராஜா பறையறைவித்தான். முதலில் மாட்டியவள் அரண்மனைச் சமையற்காரி சிவந்தி.

"இது அடுப்புல சுட்ட தழும்பு சாமி! கைப்பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போவேன்?" என்று கைத் தழும்பைக் காட்டி அழுதாள். மறுநாள் உச்சிக்குள் அவள் ஓடம் ஏறியாகவேண்டும்.

மந்திரி கொற்றனார் இருந்தாரே, அவருக்கு எப்பேர்ப்பட்ட மூளை! சத்தமே போடாமல் கேட்டார்: "அந்த நூறு பேர் யார், வைத்தியரே?"

"ஐம்பது பேர் நோயாளிச் சத்திரத்தில் கிடப்பவர்கள். ஐம்பது பேர் நம் மல்லர்கள்."

"விரல் மழுங்கியவனையும் தொடை தட்டுகிறவனையும் பிரித்துச் சொல்ல எண்ணெய் எதற்கு? என் வீட்டு எருமையே சொல்லுமே!"

சபை கொல்லென்று சிரித்தது. "மந்திரிக்குப் பொறாமை!" என்று சீறினார் நாகண்ணர்.

மறுநாள் காலை சபையில் ஒரு திரை தொங்கியது. அதன் பின்னாலிருந்து மூன்று குடுவைகள் வந்தன.

"யாருடையவை?" என்று கேட்டார் வைத்தியர்.

"அது தெரியாமல் பார்ப்பதுதானே பரீட்சை!" என்றார் மந்திரி.

வைத்தியர் எண்ணெய் விட்டார். வியர்த்தார். "முதலாவது பெருநோய். இரண்டாவது சுத்தம். மூன்றாவது... இப்போதுதான் தொடங்குகிறது."

திரையை விலக்கிக்கொண்டு வந்தது ராஜா! "மூன்றும் என்னுடையது ஓய்! ஒரே செம்பிலிருந்து ஊற்றியது! முதல் குடுவைக்கு நான் அக்கரை, இரண்டாவதுக்கு இக்கரை. மூன்றாவதுக்கு நடு ஆற்றில் நிற்கவா?"

மந்திரி மெல்லக் கேட்டார்: "வைத்தியரே, சிவந்திக்கு நோய் என்று சொன்னது குடுவையில் இருந்த நீரா, தழும்பைப் பார்த்த நீரா?"

நாகண்ணர் தலை கவிழ்ந்தார். "நான்தான்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். சட்டத்தையும் அங்கேயே ரத்து செய்தான். "வைத்தியரே, இனி எல்லாரையும் கலந்து வைத்து, ஆள் தெரியாமல் ஆயிரம் பேரைப் பாரும். அதுவரை எவரையும் நோயாளி என்று சொல்லாதீர். முதலில் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளும்!"

அடுக்களை வாசலில் கைகட்டி நின்ற வைத்தியரை அன்று அரண்மனையே வந்து பார்த்தது.