கஞ்சாங்கோரையின் காரம்

மலையடிவாரத்தில் ஒரு மூலிகை ஆய்வுக்கூடம். அதன் ஆசிரியை குழல்வாய்மொழி. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற சங்கரலிங்கம், தன்னைவிட இளையவரான அவரிடம் தைலம் வடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஆவுடையப்பன், தைல வியாபாரி. ஒருநாள் ஒரு குப்பியோடு வந்தார்.

"கஞ்சாங்கோரைத் தைலம் மேடம். மலையில பறிச்சதுன்னு சான்று வேணும். இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணிடுங்க. சாயங்காலம் வர்றேன்."

தைலத்தில் உள்ளவற்றைக் கோடுகளாக வரைந்து காட்டும் கருவியில் சோதித்தார்கள். மலையில் தானாக வளரும் கஞ்சாங்கோரைத் துளசியின் தைலத்தில் பனைபோல நிமிர்ந்து நிற்கும் கற்பூரத்தின் கோடு, இதில் புல்லளவே எழும்பியிருந்தது.

"அவர் தோட்டத்துச் செடி. தண்ணீரும் உரமும் தின்னது" என்றார் ஆசிரியை.

"செடி ஒண்ணுதானே அம்மா? வாசனையும் இதமாத்தான் இருக்கு. கற்பூரம் கொஞ்சம் குறைஞ்சா என்ன?" என்றார் சங்கரலிங்கம்.

ஆசிரியை அவரை வெளியே அழைத்துப் போனார். பக்கத்திலிருந்த ஆவுடையப்பனின் தோட்டத்து வேலிக்குள் கைவிட்டு ஒரு கிளை ஒடித்தார். பாறைச்சரிவில் இன்னொன்று. இரண்டையும் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டின் முன் போட்டார்.

முதல் கிளையை ஆடு காம்போடு தின்றது. இரண்டாவதை முகர்ந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

"மலைச்செடிக்கு வேலி கட்டினது யாரு ஐயா?"

"யாருமில்லையே."

"அந்த வேலைதான் கற்பூரத்துக்கு."

சங்கரலிங்கம் ஆடு விட்டுப்போன கிளையைக் கசக்கி முகர்ந்தார். கண்ணில் நீர் வந்தது.

"சரிதான் அம்மா. ஆனா மனுஷனுக்குக் கூரை வேணுமே?"

"வேணும்" என்றார் ஆசிரியை. உள்ளே போய், 'தோட்டச் செடி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சாயங்காலம் ஆவுடையப்பன் அதைப் படித்துக் கிழித்தார். ஆசிரியையிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு சங்கரலிங்கத்திடம் திரும்பினார்.

"சார், நீங்க விவரம் தெரிஞ்சவர். நான் கேட்டபடி நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளையிலிருந்து இந்தக் கூடம் உங்க பொறுப்பு."

வெள்ளைத்தாளும் பேனாவும் கைக்கு வந்துவிட்டன. சங்கரலிங்கம் ஆசிரியையைப் பார்த்தார். அவர் கண்ணாடிக் குழாய்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் என்ன சொல்லட்டும்?"

ஆசிரியை நிமிரவில்லை.

"அவர் உங்களைத்தானே கேட்டார்?"

சங்கரலிங்கம் பேனாவை மூடினார். பிறகு தாளை மேசையில் வைத்தார். தைலம் வடிக்கும் செப்பு வாலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆசிரியைக்கு முன்னால் வெளியே நடந்தார்.