முதலில் வந்த ஓலை

முன்னொரு காலத்தில் நீலவயல் நாட்டைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட சட்டத்தை மதியத்துக்குள் மாற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த நாட்டில் ஏரித் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்பதைக் குடவோலை எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆளுக்கொரு ஓலையில் பெயர் எழுதி, சுருட்டி நூல் கட்டிப் பானைக்குள் போடுவார்கள். அரண்மனை ஜோசியர் சர்வேசுரர் கைவிட்டு எடுப்பார். ஏழு வருஷமாக முதலில் வந்தது அவர் ஓலையேதான். கேட்டால், "எல்லாம் எழுதி வைத்தபடி நடக்கிறது. தற்செயல் என்று உலகத்தில் ஒன்று கிடையவே கிடையாது" என்று மீசையைத் தடவுவார்.

அந்த வருஷம் ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. கால்வாயின் கடைசியில், கடைமடையில் பயிர் வைத்திருந்த பூவாயி என்பவளின் நெல் பால் பிடிக்கிற நேரம். முதல் ஐந்து ஓலைக்குள் அவள் பெயர் வராவிட்டால் பயிர் கருகிவிடும். ஓலை எடுக்கும் நாளன்று ராஜசபையில் அவள் ஜோசியர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷர் பானைக்குள் துழாவித் துழாவி ஒரு ஓலையை எடுத்தார். எழுதி வைத்ததற்கு எதற்கு இத்தனை தேடல் என்று அவளுக்குத் தோன்றியது.

"மகாராஜா, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விண்ணப்பமுங்க" என்றாள். "வருஷா வருஷம் ஒரே மாதிரி நடக்குதே, உங்களுக்குச் சலிப்பா இல்லீங்களா? இந்தத் தடவை முதல்ல வந்த ஓலைக்குக் கடைசித் தண்ணின்னு வச்சுக்கலாமுங்களே?"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "பலே! அப்படியே ஆகட்டும்!"

"ஐயோ, அநியாயம்!" என்று அலறினார் ஜோசியர். "என் வயல் காய்ந்துபோகுமே, பிரபு!"



"ஓலையை இன்னும் பிரிக்கவே இல்லையே, ஜோசியரே. அது உம்முடையது என்று எப்படித் தெரியும்?" என்றார் ராஜா.

"அது... கிரக பலன், பிரபு. எழுதி வைத்தது."

"அப்போ சட்டம் மாறினதும் எழுதி வச்சதுதானேங்க, சாமி? அதுக்கு ஏனுங்க இந்தக் கூச்சல்?" என்றாள் பூவாயி.

ஓலையை வாங்கி, கட்டியிருந்த நூலைப் பார்த்தார்கள். மற்றதற்கெல்லாம் ஒற்றை முடிச்சு, அவருடையதற்கு மட்டும் மூன்று. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "உம் ஜாதகத்தில் இந்த வருஷம் கால்வாய் தூர் வாருகிற யோகம் இருக்கிறதய்யா. இப்போதுதான் எழுதினேன்!"

ஜோசியரின் ஓலையைக் கடைசித் தண்ணீருக்கு ஒதுக்கிவிட்டு, பானையை நன்றாகக் குலுக்கினார்கள். "நீயே எடு, பெண்ணே" என்றார் ராஜா.

"வேண்டாமுங்க. நான் எடுத்து என் பேர் வந்தா ஊர் நம்பாது. நீங்க கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

எடுத்தார். முதல் ஓலை யாரோ, இரண்டாவதும் யாரோ, மூன்றாவதும் யாரோ. நான்காவது அவளுடையது. பிழைத்தோம் என்று சபையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பானையையும் இனி அவளே காக்க வேண்டும் என்றார். "இப்போது சொல். நான்காவதாக வந்தாயே, அது எழுதி வைத்ததா, தற்செயலா?"

"அது எனக்குத் தெரியாதுங்க, மகாராஜா. கையை விட்ட உங்களுக்கும் தெரியாம இருந்துச்சே, எனக்கு அது போதுமுங்க."