காத்தானைத் துரத்திய குதிரை

முன்னொரு காலத்தில் செம்பாலூரை மகுடதீரன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டான் என்று சொல்வது மரியாதைக்குத்தான். காலையில் ஒரு கிறுக்கு, மாலையில் ஒரு கிறுக்கு. ஒருநாள் அரண்மனை நாழிகைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், அடியில் துளையிட்ட அந்தக் கிண்ணம் தண்ணீரில் மூழ்குவதற்குள் திருடனைப் பிடித்து வரும் காவலனுக்குப் பட்டுச் சால்வை என்று அறிவித்துவிட்டான்.

காவல் தலைவன் இடும்பராயனுக்குக் கேட்கவா வேண்டும்? அரண்மனைத் தோட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு சில்லறைத் திருடன் காத்தான் ஓடினதும், குதிரை மேல் தாவி, கூட்டம் நெரிகிற சந்தைத் தெருவுக்குள்ளேயே விட்டான். குயவன் மூக்கன் சட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். சட்டியும் போயிற்று, அவன் காலும் இரண்டாக ஒடிந்தது. இடும்பராயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சால்வை கிடைத்தது.

மூக்கன் பெண்டாட்டி பேச்சாயி சபைக்குப் போய் முறையிட்டாள்.

"அவன் ஓடினான், நான் துரத்தினேன். ஓடினவன்தான் பொறுப்பு. அவனைப் போய்க் கேள்" என்றான் இடும்பராயன், சால்வையை நீவிக்கொண்டே. ராஜா கொட்டாவி விட்டுத் தலையாட்டினான்.

பேச்சாயி வீட்டுக்குத் திரும்பினாள். மழைக்கு முன்னால் சூளை வைத்தாக வேண்டும். மண் மிதிக்கிற கால் கட்டிலில் கிடந்தது. இவளோ முழங்கால் வலிக்காரி.

மூன்றாம் நாள், காலையிலிருந்து பட்டினி போட்ட ஆட்டைப் பிடித்துக்கொண்டு, சட்டி தட்டும் பலகையோடு சபைக்கு வந்தாள். வாயிற்காவலன் மறித்தான்.

"வீட்டு ஆள் படுக்கையில் கிடக்கிறார். ஆட்டை உன்னிடம் விட்டுப் போகட்டுமா? முட்டும்" என்றாள். அவன் வழிவிட்டான்.

உள்ளே போனதும் கயிற்றை நழுவவிட்டாள். ஆடு நேரே போய் இடும்பராயன் தட்டிலிருந்த வெற்றிலையைக் கவ்வியது. "பிடி, திருட்டுக் கழுதையை" என்று பேச்சாயி பலகையைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தாள். பன்னீர்ச் செம்பு உருண்டது. புலவர் ஒருவர் தூணைக் கட்டிக்கொண்டார். ஆட்டுக்கு விழ வேண்டிய அடி இடும்பராயன் முழங்காலில் விழுந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஆடு ஓடியது, நான் துரத்தினேன். ஓடினதுதான் பொறுப்பு. ஆட்டைக் கேளுங்கள் தலைவரே."

"உன் வீட்டு ஆடுதானே? பசித்தால் தானாகக் கொட்டிலுக்கு வரும். அப்போது பிடித்துக் கட்ட வேண்டியதுதானே? இத்தனை பேர் நடுவில் இப்படியா ஓடுவார்கள்?"

"நியாயமான பேச்சு" என்றாள் பேச்சாயி. "காத்தான் வீடு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலென்ன? ஏழு தடவை பிடித்திருக்கிறேன். புளியமரத்துச் சந்து, இரண்டாவது குடிசை."

"உச்சிப் பொழுதில் எங்கே இருப்பான்?"

"குடிசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான்."

"அப்படியானால் பொடிநடையாகப் போய் வாசலில் நின்றிருக்கலாமே. என் வீட்டுக்காரர் கால் தப்பியிருக்கும்."

"அதற்குள் கிண்ணம் மூழ்கிவிடுமே" என்று இடும்பராயன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

சபை முழுவதும் ராஜாவைப் பார்த்தது. ராஜா கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லாததால் கீழே பார்த்தான். அங்கே பேச்சாயி நின்றிருந்தாள்.

"என் புத்தியும் அந்தக் குதிரையில்தான் ஏறிப் போயிருக்கிறது" என்று முனகினான். "இடும்பராயா, சால்வையைக் கழற்று. இனி சந்தைத் தெருவில் காவலர்கள் நடந்துதான் போக வேண்டும். மூக்கனுக்கு என் வைத்தியர் கட்டுப் போடட்டும். உனக்கு என்ன வேண்டும் அம்மா?"

"மண் மிதிக்க இரண்டு கால் வேண்டும் மகாராஜா. நல்ல வேகமான கால்."

மறுநாளிலிருந்து மூக்கன் எழுந்து நடக்கும்வரை, காவல் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் நின்றார். சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சுற்று வழியானாலும் அந்தப் பக்கமாகத்தான் போனார்கள்.

பேச்சாயி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தபடி சொல்வாள்: "மெதுவாக மிதியுங்கள் தலைவரே. மண் எங்கேயும் ஓடிவிடாது."