பேர் சொன்ன பிளாப்பி

ஒரு சர்க்கரை ஆலை. அதன் மானேஜர் கோதண்டபாணி நடந்தால் மின்விசிறியும் அடங்கிச் சுற்றும்.

"கரும்புக் கணக்கு இருந்த கம்ப்யூட்டர் பிளாப்பியை ஃபார்மட் போட்டு அழிச்சது நீதான். இல்லேன்னு இப்பவே காட்டு, இல்லே வேலையை விட்டுப் போ!" என்று டைப்பிஸ்ட் மாரிக்கனி மேல் பாய்ந்தார்.

"பிளாப்பியையே கேட்டுருவோம் ஐயா," என்றாள் அவள். "அழிச்சு முடிச்சதும், இதுக்கு என்ன பேர்னு மிஷின் கேக்கும். விவரம் தெரியாதவங்க தங்க பேரையே அடிச்சிருவாங்க."

தகட்டைச் செருகி, அதன் பேரைக் காட்டச் சொல்லிக் கறுப்புத் திரையில் VOL A: என்று தட்டினாள். வெள்ளை எழுத்து எழும்பி வந்தது: KOTHANDAPAN.

ஊமைத் தகடு வாய் திறந்து பேசிவிட்டதே!

"பதினோரு எழுத்துக்குத்தான் அதுல இடம்," என்றாள் மாரிக்கனி. "உங்க பேர் பெரிசுங்க ஐயா. வால் மட்டும் வெளியே நிக்குது."